இடது காதில் பிலோமினா

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராயபுரத்தில் பட்டை மாட்டாத கழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். அது பிலோமினாவுடையது. மீன் குழம்பு வாசனை இன்னும் அடங்காத கூடத்தில் தங்கை செலின், செலினுடைய புருஷன், எதிர் வீட்டுக்காரர்கள் என்று பதினோரு பேர் கழுத்தில் சாம்பல் நிறப் பட்டையோடு சுவர்த்திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினா மட்டும் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு பூண்டு உரித்தாள். உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்ளேன் என்று செலின் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். என் வயிற்றில் இருப்பதை எனக்கே திருப்பிக் கொடுக்க ஒரு பட்டை எதற்கு என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

கடல் கடந்த வெலிங்டனில் அப்போது ராத்திரி. உலகப் பாட்டுப் போட்டி மேடைக்குப் பதினாலாவது நாடாக இந்தியாவைக் கூப்பிட்டார்கள். கடல் நிறப் புடவையில் மிருணாளினி வந்து நின்றாள். நாற்பத்துமூன்று வயதென்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் பிலோமினாவுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் அதே நாற்பத்துமூன்றுதான். அவளைப் பார்த்து யாரும் எதையும் நம்ப மறுத்ததில்லை.

"உப்புக்காத்தே உள்ள வா, ஒரு சொல்லு சொல்லிட்டுப் போ" என்று பாட்டு ஆரம்பித்தது.

முன்பெல்லாம் இந்தப் போட்டியில் ஓட்டுப் போடுவார்களாம். பக்கத்து நாட்டுக்காரன் பக்கத்து நாட்டுக்குப் போடுவான், சண்டைக்காரன் போட மாட்டான், மறுநாள் பத்திரிகையில் அடிதடி. மெய்த்தடம் வந்த பிறகு அந்த வம்பு தீர்ந்தது. பாடும்போது பாடுகிறவரின் உடம்பில் என்ன நடக்கிறதோ அது பாட்டோடு சேர்ந்து பதிவாகும். கேட்கிறவர் கழுத்துப்பட்டை வழியாக அவருடைய உடம்புக்குள் இறங்கும். எந்தப் பாட்டு அதிகம் பேரின் உடம்பைத் தன் வழிக்கு இழுக்கிறதோ அதற்குப் பரிசு. மேடையில் யாருக்கும் பதற்றம் இருக்கும் என்பதால், ஸ்டூடியோவில் பதிவான தடத்தைத்தான் முன்கூட்டியே சீல் வைத்து அனுப்ப வேண்டும். விதி ஒன்றே ஒன்று: குரலும் தடமும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். உடம்பு பொய் சொல்லாது என்று அமைப்பாளர்கள் ஊர் ஊராக விளம்பரம் செய்தார்கள்.

சரணம் வருவதற்குள் கூடத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். செலின் ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னான்னு தெரில, இங்க அடைக்குது" என்றாள். எதிர் வீட்டு மோசஸ், சொந்த அப்பா செத்தபோதுகூட அழாத மனுஷன், மூக்கை உறிஞ்சினார். திரையின் அடியில் எட்டு உணர்ச்சிகளின் பெயர்கள் வரிசையாக ஓடின. உவகை, அழுகை, அச்சம் என்று போய், ‘ஏக்கம்’ என்பதில் வந்து பச்சை விளக்கு நின்றது. நூற்றுக்கு எண்பத்தொன்று. அதுவரை எந்த நாடும் எழுபதைத் தாண்டியிருக்கவில்லை, பிறகு வந்தவர்களும் தாண்டவில்லை.

தெருவில் வெடி வெடித்தார்கள். மிருணாளினி கோப்பையைக் கட்டிக்கொண்டு இசையமைப்பாளர் கதிரவேலனுக்கு நன்றி சொன்னாள், பாட்டெழுதியவருக்குச் சொன்னாள், புடவை நெய்தவருக்குச் சொன்னாள், ‘பிஸ்கட்’ என்கிற தன் நாய்க்கும் சொன்னாள். பிலோமினா பூண்டுத் தோலை முறத்தோடு எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். ஏக்கமாம், ஏக்கம். அது என்னவென்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவள் நினைத்தாள். அது பச்சைப் பொறாமை. இருபத்துநாலு வருஷம் அவள் வயிற்றிலேயே வைத்துக் காய்ச்சியது.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே மெல்லிசைக் குழுவில் பாடினார்கள். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஒரே வேன், ஒரே பவுடர் டப்பா. கதிரவேலன் ஒரு நாள் இரண்டு பேரையும் குரல் பார்க்கக் கூப்பிட்டார். மிருணாளினிக்குப் பாட்டுக் கிடைத்தது, பிலோமினாவுக்கு ட்ராக் கிடைத்தது. ட்ராக் என்றால், மெட்டு தயாரானதும் முதலில் ஒருத்தி பாடிக் காட்ட வேண்டும். அதைக் கேட்டுப் பழகிக்கொண்டு பெரிய பாடகி வந்து பாடுவாள். பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். பிலோமினா அறுநூறு பாட்டுக்கு மேல் பாடியிருக்கிறாள். ஒன்றில்கூட அவள் குரல் இல்லை.

அவள் பொறாமைப்பட்டது குரலுக்கு மட்டும் என்றால் அதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும். மிருணாளினி வெந்நீர் கேட்டால் ஃபிளாஸ்க்கில் வருவதற்கும் பொறாமைப்பட்டாள். அவளுக்குச் சளி பிடித்தால் அது செய்தியாவதற்கும் பொறாமைப்பட்டாள். தனக்கு நிமோனியா வந்தபோது ஸ்டூடியோவிலிருந்து ஒரு போன் வந்தது, எப்போது வருவாய் என்று. மிருணாளினி மட்டும் எங்கே பார்த்தாலும் "பிலோ, எப்படிடி இருக்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

‘உப்புக்காத்து’ பதிவான அன்று மிருணாளினியின் விமானம் தாமதம். மெய்த்தடக் கருவி அந்த ஸ்டூடியோவுக்குப் புதிது. ஒலிப்பதிவாளர் ஜாபர், முப்பத்தைந்து வயசிலேயே தலை பளபளக்கிறவன், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு உடம்பு தேடிக்கொண்டிருந்தான். ட்ராக் பாட வந்த பிலோமினா அகப்பட்டாள்.

"நான் பாடுறப்ப எனக்குப் பசிச்சா, கேக்குறவனுக்கும் பசிக்குமா தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"பசிக்கும்க்கா. உங்க உடம்புல எங்க என்ன ஆவுதோ அவங்க உடம்புலயும் அங்கயே ஆவும். மூஞ்சியில நீங்க என்ன வேணா நடிச்சுக்கலாம். இது அதெல்லாம் பார்க்காது."

"அது இன்னா பேரு வைக்கும்?"

"இதுக்குப் பேரெல்லாம் தெரியாது. எட்டுப் பேரு குடுத்து வெச்சிருக்காங்க, கிட்ட எது வருதோ அதுல தள்ளிவிட்டுரும்."

அவள் பாடினாள். ‘உள்ள வா’ என்ற இடத்தில் ‘வா’வை நேராக நிறுத்தச் சொல்லியிருந்தார் கதிரவேலன். பிலோமினா அதைக் கொஞ்சம் சரியவிட்டு, பாதி வழியில் மனசு மாறினவள் மாதிரி மேலே இழுத்தாள். யாரும் பாடச் சொல்லாத சங்கதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதிரவேலன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைக்கில், "அது இருக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

இந்தச் சங்கதியையும் மிருணாளினிதான் வந்து பாடப் போகிறாள் என்று மறு நிமிஷமே தோன்றியது. மீதிப் பாட்டு முழுக்க வயிறு எரிந்தது.

ஜாபர் அந்தத் தடத்தைத் தன் கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "என்னக்கா இது, அடுப்புல வெச்ச மாதிரி எரியுது" என்றான்.

"ஒண்ணுமில்ல தம்பி. காலையிலேர்ந்து சாப்பிடல" என்றாள் பிலோமினா.

ஜாபர் குறிப்பேட்டில் ‘பசி’ என்று எழுதிக்கொண்டு அவளுக்கு ஆனியன் ரவா வரவழைத்தான். உண்மையில் அன்று காலை அவள் செலின் வீட்டு ஆப்பத்தில் நாலு ஏற்கெனவே உள்ளே தள்ளியிருந்தாள். ரவாவையும் சாப்பிட்டாள், வேறு வழியில்லை.

மிருணாளினியின் பதிவு நாலு நாள் நடந்தது. முதல் நாள் முடிந்ததும் ஜாபர் டீக்கடையில் வைத்து ரகசியமாகச் சொன்னான். மேடம் நன்றாகத்தான் பாடினார்கள், ஆனால் தடம் தட்டையாக இருக்கிறது, பச்சைத் தண்ணீர் குடித்த மாதிரி. பதிவெல்லாம் முடிந்த பிறகு மீதியையும் சொன்னான். இரண்டாம் நாள் காலையிலேயே சங்கதி வரவில்லை என்று கதிரவேலன் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னாராம். அன்றிலிருந்து மூன்று நாளும் மிருணாளினி ஹெட்ஃபோனில் இடது பக்கம் பிலோமினாவின் ட்ராக்கைப் போடச் சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டே பாடினாளாம். "இன்னும் ஏத்து, இன்னும் ஏத்துன்னு சொல்றாங்கக்கா. அவங்க குரல் அவங்களுக்கே கேக்காது போல" என்று ஜாபர் சிரித்தான். பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என் சங்கதியை என் குரலை வைத்தே திருடுகிறாள், அதற்கு இவன் வால்யூம் ஏற்றுகிறான் என்று நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, இப்படி ஒரு தடம் இதுவரை வந்ததில்லை என்று தேர்வுக் குழு சொன்னதாகச் செய்தி வந்தது. தட்டைத் தண்ணீர் எப்படித் தீயானது? பிலோமினாவுக்கு அது ஒரு புதிரே இல்லை. சோதனைக்கு எடுத்த தன் தடத்தைத் தூக்கி மிருணாளினியின் குரலுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். இதுவரை குரலைத்தான் அழித்தார்கள். இப்போது வயிற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

பரிசு அறிவித்த மறுநாள் அவள் போட்டியின் சரிபார்ப்புக் குழுவுக்கு எழுதிப் போட்டாள். தடம் என்னுடையது, என் பெயரைப் போட வேண்டும்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. ஜாபர் நேரில் வந்தான். தடத்தை மாற்றவில்லை, உம்மா மேல் ஆணை என்றான். மாற்றினதாக முடிவானால் கோப்பையைத் திருப்பிக் கேட்பார்கள், நாடே காறித் துப்பும் என்றான். கதிரவேலன் முதல்முறையாகத் தானே போன் செய்து, இந்தப் பாட்டில் ‘கூடுதல் குரல்’ என்று அவள் பெயரைப் போட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். இப்போது முடியாது என்றாள். தெருமுனையில் மிருணாளினிக்குக் கட்டியிருந்த பேனரை அவள் தினமும் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கடந்து போனாள்.

செலின்தான் நேராகக் கேட்டாள். "உனக்கு இன்னாக்கா வேணும்? ஜெயிக்கணுமா, இல்ல அவ தோக்கணுமா?"

பிலோமினா, "ரெண்டும்தான்" என்றாள்.

விசாரணை கிண்டியில் ஒரு ஓட்டலின் சின்ன அறையில், புதன்கிழமை காலை பத்து மணிக்கு. செலின் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாலும் தட்டில் ஐந்து இட்லியும் வடகறியும் வைத்தாள். பிலோமினா எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். போருக்குப் போகிறவள் வெறும் வயிற்றோடு போவாளா?

சரிபார்ப்பு அதிகாரி தேவகி சிங்கப்பூர்க்காரி. ஒவ்வொரு சொல்லையும் முழுதாகப் பேசினாள். மேஜையில் கருவி, ஒரு பட்டை, ஒட்டிய உறை ஒன்று.

"தடம் கையெழுத்து மாதிரி, அம்மா" என்றாள் தேவகி. "ஒரே உணர்ச்சி என்றாலும் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். யாருடையது என்று கருவி ஏற்கெனவே சொல்லிவிட்டது. முடிவு இந்த உறையில் இருக்கிறது. ஆனால் உரிமை கேட்கிறவர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. சோதனைக்கு எடுத்த உங்களுடைய தடத்தை முதலில் போடுகிறேன். இதில் ‘பசி’ என்று குறித்திருக்கிறார்கள்."

"ஆமா. பசிதான்" என்றாள் பிலோமினா.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டையை மாட்டிக்கொண்டாள். பாட்டு ஓடியது. தொப்புளுக்கு மேலே நாலு விரற்கடை, அதே இடம், அதே எரிச்சல். சொந்த வீட்டு வாசனை மாதிரி உடனே தெரிந்தது. ஒரே ஒரு விஷயம்தான் அவள் எதிர்பார்க்காதது. ‘உள்ள வா’ என்று அந்தச் சங்கதி வரும்போதெல்லாம் எரிச்சல் சட்டென்று அணைந்துபோனது. அந்த இரண்டு விநாடி அவள் உடம்பு வெறுமனே சந்தோஷமாக இருந்தது. யார் மேலும் எதுவும் இல்லாத சந்தோஷம். அப்படி ஒன்று தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

"இப்போது போட்டிக்குப் போன தடம்" என்றாள் தேவகி.

பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. பிலோமினா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. தொண்டையில் ஒரு முடிச்சு விழுந்தது. செலின் கை வைத்த இடம். அங்கே அவளுக்கு எதுவும் எரிந்ததே கிடையாது. யாரோ வேறொருத்தியின் வீட்டுக்குள் இருட்டில் நுழைந்தது போல இருந்தது. ஆனால் எரிகிறது என்னவோ அதேதான். இடம் மாறினாலும் அவளை ஏமாற்ற முடியாது. இருபத்துநாலு வருஷம் அதனோடு கூடவே குடித்தனம் நடத்தியவள்.

‘உள்ள...’ என்று வந்ததும், ‘வா’ வருவதற்கு முன்பே தொண்டை இறுகிக் காத்திருந்தது. வரப் போவது தெரிந்து, தாங்க முடியாது என்றும் தெரிந்து, கேட்காமலும் இருக்க முடியாமல். ‘வா’ சரிந்து மேலே ஏறியபோது மூச்சே அடைத்தது. அடுத்த முறையும் அதே இடம். அதற்கடுத்த முறையும். பாட்டில் வேறெங்கும் இத்தனை இல்லை. அந்தச் சங்கதியில் மட்டும்தான் இந்தப் பாடு.

இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து.

பிலோமினாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் நாள் தடம் தட்டையாக இருந்தது, அன்று காதில் ட்ராக் இல்லை. பிறகு மூன்று நாள் மிருணாளினி இடது காதில் பிலோமினாவை வைத்துக்கொண்டு பாடியிருக்கிறாள். தனக்கு வராத ஒன்று இன்னொருத்திக்குத் தானாக வருவதைக் கேட்டுக் கேட்டு, உள்ளே வெந்துகொண்டே பாடியிருக்கிறாள். நாய்க்கு நன்றி சொன்ன வாய் ஏன் ஒரு பெயரை மட்டும் சொல்லவில்லை என்பதும் விளங்கியது. ஒருவேளை இந்த மூன்று நாள் மட்டும் இல்லை. ஒரே வேனில் போன காலத்திலிருந்தே இருக்கலாம். அந்தச் சிரிப்புக்கு அடியில்கூட இருந்திருக்கலாம்.

"அம்மா, உறையைத் திறக்கட்டுமா?" என்று தேவகி கேட்டாள்.

"வேணாம்மா. இது என்னுது இல்ல."

"உறுதியாகத் தெரியுமா? இது மிருணாளினி அவர்களுடையதுதான் என்று எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது."

"அவளுதுதான். எழுதிக்கோங்க."

தேவகி எழுதினாள். பிறகு, எழுத்தில் பதிவதற்காகத்தான் என்று சொல்லி, இந்தத் தடத்துக்கு ‘ஏக்கம்’ என்று பெயர் கொடுத்திருப்பதில் அவளுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். பிலோமினாவின் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. அதைச் சொன்னால் போதும். நாளைக்கு உலகம் முழுக்கத் தெரிந்துவிடும், மிருணாளினி யாரை நினைத்து எப்படி வெந்தாள் என்று. கோப்பை போகாது, மானம் போகும். ஆனால் இருபத்துநாலு வருஷத்தில் பிலோமினாவுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான். அதைத் தெருவில் போட்டு நாலு பேர் மிதிக்க விடுவாளா? இது அவளுடைய சொத்து.

"ஏக்கமே இருக்கட்டும்" என்றாள். "இன்னொரு தடவை போடுறீங்களா?"

தேவகி போட்டாள். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, மகாராணி மாதிரி கேட்டாள். ‘வா’வுக்கு முன்னால் அந்தத் தொண்டை இறுகும்போதெல்லாம் அவளுக்குள் யாரோ சீட்டி அடித்தார்கள். எரிடி, நல்லா எரி.

பாட்டு முடிந்தது. தேவகி காகிதங்களை அடுக்கிக்கொண்டே, பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு தடத்தையும் கருவியில் ஓடவிட்டார்களாம். பிலோமினாவின் தடம் போட்டிக்குப் போயிருந்தால் நூற்றுக்கு முப்பத்தாறு பேரை இழுத்திருக்கும். மிருணாளினியினுடையது எண்பத்தொன்று. "அவர்களுடையது எவ்வளவு ஆழமாகப் போகிறது பாருங்கள்" என்றாள் தேவகி. "உங்களுடையது அந்தச் சங்கதி வரும் இடத்தில் கொஞ்சம் விட்டுப்போகிறது."

பிலோமினா எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபத்துநாலு வருஷம். வேறு தொழில் தெரியாமல், ஒரு நாள் லீவு எடுக்காமல் எரிந்திருக்கிறாள். மிருணாளினி வந்து மூன்றே நாளில், அதுவும் எண்பத்தொன்று. இதிலும் அவள்தானா?

கை தானாக வயிற்றுக்குப் போனது. தொப்புளுக்கு மேலே நாலு விரற்கடை.

"என்ன ஆயிற்று அம்மா? உடம்புக்கு முடியவில்லையா?" என்று தேவகி பதறி எழுந்து தண்ணீர் ஊற்றினாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் பிலோமினா, கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டே. "காலையிலேர்ந்து சாப்பிடல."